புதுச்சேரி சம்பா கோயிலுக்குக் குரூப்பாகப் போறீங்களா? 4 முறை கட்டப்பட்ட தேவாலயத்தின் கதை இதுதான்!

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலை பக்கத்தில் இருந்து வேன் பிடித்துப் புதுச்சேரி போகும் குழுக்களின் பட்டியலில் கடற்கரை இருக்கும், மணக்குள விநாயகர் கோயில் இருக்கும், ஆரோவில் இருக்கும். கூடவே மிஷன் வீதியில் இருக்கும் சம்பா கோயிலும் இருக்கும். பங்கு மக்கள், பள்ளிப் பிள்ளைகள், மகளிர் குழுவினர் என எல்லோரும் அங்கே இறங்குவார்கள். முகப்பின் முன்னால் நின்று ஒரு குரூப் போட்டோ, உள்ளே 10 நிமிஷம், பிறகு பீச்!

ஆனால், அந்த இடத்தில் நடந்தவற்றைத் தெரிந்துகொண்டு போனால் 10 நிமிஷம் போதாது. 100 ஆண்டுகளுக்குள் ஒரே இடத்தில் 4 முறை எழுந்த தேவாலயம் அது. மக்களைச் சாதி பார்த்துப் பிரித்த ஒரு சுவரும், பக்கத்தில் இருந்து இடிக்கப்பட்ட ஒரு சிவன் கோயிலும் அதன் கதையில் வருகின்றன. இந்த வரலாறு வாட்ஸ்அப்பில் பெரும்பாலும் பாதியாகத்தான் சுற்றுகிறது. முழுசாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

• முதல் தேவாலயம் 1692-ல் கட்டப்பட்டது. இப்போது நிற்கும் கட்டடம் 1791-ல் அர்ச்சிக்கப்பட்டது.

• 1745-ல் தேவாலயத்துக்குள் இருந்த சாதித் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டது.

• 1748-ல் பக்கத்தில் இருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது.

• இரண்டு சம்பவங்களையும் அதே காலத்தில் எழுதி வைத்தவர் ஒரு தமிழர்: ஆனந்தரங்கப் பிள்ளை.

எப்படிப் போவது?

கீழ்பென்னாத்தூரில் இருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி சுமார் 90 கி.மீ. வேனில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாடகை வண்டி என்றால் புதுச்சேரி எல்லைக்குள் போக பெர்மிட் இருக்கிறதா என்று டிரைவரிடம் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. ஒரே மொழி, ஒரே ரோடு என்றாலும் அது வேறு யூனியன் பிரதேசம்.

திருவண்ணாமலை மாவட்டத்துக்குள்ளேயே சேத்துப்பட்டு லூர்து மாதா ஆலயம் பலருக்கும் தெரிந்த திருத்தலம். பக்திப் பயணம் மட்டும் போதும் என்றால் அதுவே பக்கம். பழைய ஊர்களின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் செஞ்சி வழியாகப் புதுச்சேரி போகலாம். அதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் பார்க்கலாம்.

‘சம்பா கோயில்’ என்றால் என்ன?

நெல்லுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. ‘சான் பவுலோ’, அதாவது புனித பவுல் என்ற போர்ச்சுகீசியப் பெயர்தான் தமிழ் வாயில் ‘சம்பா’ ஆனது. இந்தியாவுக்கு வந்த ஜேசு சபைக் குருக்களை அந்தக் காலத்தில் ‘பவுலிஸ்தர்’ என்றே அழைத்தார்கள். அவர்கள் கட்டிய தேவாலயம் என்பதால் ‘சான் பவுல் கோயில்’, போகப் போக ‘சம்பா கோயில்’ ஆகிவிட்டது.

இன்றைய அதிகாரபூர்வப் பெயர் ஜென்மராக்கினி அன்னை பேராலயம். மரியாளின் அமல உற்பவத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டது என்பதால் டிசம்பர் 8 இங்கே முக்கியத் திருநாள்.

‘பங்கு’, ‘பேராலயம்’ - என்ன வித்தியாசம்?

ஒரு குறிப்பிட்ட பகுதியில் வாழும் கத்தோலிக்க மக்களின் தொகுதிதான் பங்கு. அவர்களுக்கு ஒரு பங்குத்தந்தை இருப்பார். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் அந்தப் பங்குக் கோயிலின் பதிவேட்டில்தான் ஏறும். ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1563-ல் விதித்தது. அதனால்தான் பழைய பங்குக் கோயில்கள் குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்குப் பெரிய ஆதாரம்.

ஒரு மறைமாவட்டத்தின் ஆயர் அல்லது பேராயரின் இருக்கை எந்தக் கோயிலில் இருக்கிறதோ அது பேராலயம். சம்பா கோயில், புதுச்சேரி - கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பேராலயம்.

4 முறை கட்டியது ஏன்?

ஒரே வரியில் சொன்னால், கடலோரத்தில் ஐரோப்பியக் கம்பெனிகள் போட்டுக்கொண்ட சண்டை. ஊர் கைமாறும்போதெல்லாம் கட்டடங்களும் அடி வாங்கின.

முதல் தேவாலயம்: 1689-ல் புதுச்சேரி வந்த ஜேசு சபையினர், பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயியின் பண உதவியோடு 1692-ல் கட்டினார்கள். 1693-ல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்தார்கள். அந்தச் சண்டையில் தேவாலயம் அழிந்தது.

இரண்டாவது தேவாலயம்: அதற்குப் பிறகு சீக்கிரமே எழுந்தது. நீண்ட காலம் நிலைக்கவில்லை.

மூன்றாவது தேவாலயம்: 1728-ல் தொடங்கி 1736-ல் முடிந்த பெரிய கட்டடம். 1761-ல் பிரிட்டிஷ் படை புதுச்சேரியைப் பிடித்து நகரத்தையே தரைமட்டமாக்கியபோது இதுவும் போனது. அதற்கு 3 வருஷம் முன்னால், 1758-ல், கடலூர் பக்கத்தில் இருந்த பிரிட்டிஷாரின் புனித டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்திருந்தது. அங்கே விழுந்த அடி இங்கே திரும்பியது.

நான்காவது தேவாலயம்: ஊர் மறுபடியும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த பிறகு, 1770-ல் வேலை தொடங்கியது. 1791 ஜூன் 20-ல் அர்ச்சிப்பு. இப்போது நாம் பார்ப்பது இதைத்தான். இடையில் ஜேசு சபையே 1773-ல் போப்பாண்டவரால் கலைக்கப்பட்டது. 1776-ல் பாரிஸ் வேதபோதக சபையினர் பொறுப்பேற்றார்கள். ஆக, தொடங்கிய கை வேறு, முடித்த கை வேறு.

தேவாலயத்துக்குள் சுவர் எதற்கு?

இந்த இடத்தில்தான் ஆனந்தரங்கப் பிள்ளை வருகிறார். 1709-ல் பிறந்தவர். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸிடம் தலைமை துபாஷியாக இருந்தார். துபாஷி என்றால் மொழிபெயர்ப்பாளர், தரகர், ஆலோசகர் எல்லாம் சேர்ந்த பதவி. 1736 முதல் 1761-ல் இறக்கும் வரை கண்டதையும் கேட்டதையும் தமிழில் நாட்குறிப்பாக எழுதினார். அது ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக 1904 முதல் 1928 வரை வெளிவந்தது.

1745 அக்டோபரில் அவர் எழுதியிருக்கும் விஷயம் இது: புதுச்சேரியில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடும் தேவாலயத்துக்குள் வடக்குப் பக்கமாக ஒரு சுவர் இருந்தது. ஒரு புறம் பறையர் சமூகக் கிறிஸ்தவர்கள். மறுபுறம் மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள், ஐரோப்பியர்கள், கலப்பினத்தவர். ஒரே பூசை, ஒரே பலிபீடம், நடுவில் சுவர்.

காரைக்காலில் இருந்து வந்த குரு ஒருவர் இதைக் கேள்வி கேட்கும்படி அந்த மக்களைத் தூண்டினார். அவர்கள் கூட்டமாகப் பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டாமா, கடவுள் பேதம் பார்க்கிறாரா என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். குரு அதை ஒப்புக்கொண்டார். சுவர் இடிக்கப்பட்டது. இனி எல்லோரும் கலந்து உட்காரலாம் என்று சொல்லப்பட்டது. உடனே சாதிக் கிறிஸ்தவர்களிடம் இருந்து எதிர்ப்பும் கிளம்பியது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தச் சுவருக்கு எதிரான குரல் கீழே உட்கார வைக்கப்பட்டவர்களிடம் இருந்துதான் வந்தது. 280 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் கூட்டமாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள்.

சுவரோடு பிரச்னை முடிந்ததா?

இல்லை. தமிழ்நாட்டின் வேறு தேவாலயங்களில் அது வேறு வடிவம் எடுத்தது. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய தேவாலயத்தில், பலிபீடம் ஒன்று. அதில் இருந்து கால்சட்டை போல இரண்டாகப் பிரியும் இரு நடைகள். ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒரு பக்கம். 1910-ல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும், சாதி அடிப்படையில் தனி இடம் கேட்டவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரவில்லை.

இன்னும் பக்கத்திலும் ஒரு உதாரணம் இருக்கிறது. புதுச்சேரி - கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட ஊர்தான் உளுந்தூர்பேட்டை அருகே உள்ள இறையூர். அங்கே பாகுபாட்டை எதிர்த்துத் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். அதையொட்டி 2008 மார்ச் 9-ல் கலவரம் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் உயிரிழந்தார்கள். 1745-ல் கேட்ட கேள்வி 2008-லும் கேட்கப்பட்டது என்பதுதான் இதன் பொருள்.

சிவன் கோயில் இடிக்கப்பட்டது உண்மையா?

உண்மை. இதற்கும் முக்கியச் சாட்சி ரங்கப்பிள்ளையின் நாட்குறிப்புதான்.

அந்தக் காலத்தில் ஜேசு சபையினரின் தேவாலயமும் வேதபுரீஸ்வரர் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கோயிலை அகற்ற வேண்டும் என்று குருக்கள் பல பத்தாண்டுகளாக முயன்றார்கள். ஊர் மக்களின் எதிர்ப்புக்குப் பயந்து முந்தைய கவர்னர்கள் இழுத்தடித்தார்கள். நெசவும் வியாபாரமும் ஊர்க்காரர்கள் கையில்; அவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டால் கம்பெனிக்கு நஷ்டம். 1746-ல் கோயிலுக்குள் அசுத்தம் வீசப்பட்டதையும் நாட்குறிப்பு பதிவு செய்திருக்கிறது.

1748-ல் நிலைமை மாறியது. பிரிட்டிஷ் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். போர் நேரம், ஊரைவிட்டுப் பலர் வெளியேறியிருந்தார்கள். அந்தச் செப்டம்பரில் கோயில் இடிக்கப்பட்டது. கவர்னரின் மனைவி ழான் துய்ப்ளெக்ஸுக்கும் குருக்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று ரங்கப்பிள்ளை வெளிப்படையாகவே எழுதுகிறார். பெரியதனக்காரர்கள் கெஞ்சியதில், உற்சவ மூர்த்திகளையும் சாமான்களையும் காளத்தீஸ்வரர் கோயிலுக்கு எடுத்துப்போக மட்டும் முடிந்தது.

அதே நாட்களில் ஒரு மசூதியையும் இடிக்க ஆள் அனுப்பப்பட்டது. சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான் கவர்னரிடம் போய்க் கடுமையாக எதிர்த்தார். மசூதி தப்பியது. அவர் பின்னால் ஆயுதம் தாங்கிய வீரர்கள் இருந்தார்கள். முற்றுகைக்கு நடுவில் அவர்களை இழக்கக் கவர்னரால் முடியாது. கோயிலுக்காகப் பேசியவர்களிடம் அந்தப் பலம் இல்லை.

வேதபுரீஸ்வரர் கோயில் பின்னர் வேறு இடத்தில் எழுப்பப்பட்டது. இன்று காந்தி வீதியில் இருக்கிறது. சம்பா கோயிலில் இருந்து நடந்தே போகலாம்.

இதை வைத்து இப்போது வழக்குப் போட முடியுமா?

சோஷியல் மீடியாவில் அடிக்கடி வரும் கேள்வி இது. 1991-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வழிபாட்டுத் தலங்கள் சட்டம், 1947 ஆகஸ்ட் 15 அன்று ஒரு வழிபாட்டுத் தலம் எந்தத் தன்மையில் இருந்ததோ அதே தன்மையில் தொடர வேண்டும் என்கிறது. இந்தச் சட்டத்தை எதிர்த்த மனுக்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2024 டிசம்பர் 12-ல், மறு உத்தரவு வரும் வரை இத்தகைய புதிய வழக்குகளைக் கீழ் நீதிமன்றங்கள் பதிவு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1748-ல் முடிவெடுத்தது ஒரு அந்நியக் கம்பெனியின் நிர்வாகம். இன்று அந்தத் தேவாலயத்தில் பூசை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில், 1745-ல் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டவர்களின் வாரிசுகளும் இருக்கலாம். பாதிக் கதையை மட்டும் பரப்பினால் யார் யாரைப் பாதித்தார்கள் என்பதே தலைகீழாகிவிடும்.

உள்ளே போனால் என்ன பார்க்க வேண்டும்?

முகப்பு: இரண்டு அடுக்கு. ஜோடி ஜோடியாக நிற்கும் தூண்களைக் கவனியுங்கள். கீழ் அடுக்குத் தூண்களின் தலைப்பகுதி எளிமையாக இருக்கும். மேல் அடுக்கில் சுருள் வேலைப்பாடு. பாரிஸ் நகரின் வால் தெ கிராஸ் தேவாலயத்தோடு இந்த முகப்பை ஒப்பிட்டுச் சொல்வார்கள்.

குவிமாடம்: பலிபீடத்தை நோக்கி நடந்து, அண்ணாந்து பாருங்கள். வட்டத் திறப்புகள் வழியாக வெளிச்சம் இறங்கும்.

இருக்கைகள்: வடக்குப் பக்கம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 1745-ல் சுவர் இருந்தது அந்தப் பக்கம் என்கிறது நாட்குறிப்பு. அந்தக் கட்டடம் 1761-லேயே போய்விட்டது. சுவரின் சுவடு எதுவும் இன்று தெரியாது. ஆனாலும் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இந்த இடத்தில் 2 நிமிஷம் நின்று கதையைச் சொல்லலாம்.

இருக்கும் இடம்: மிஷன் வீதி, நகரத்தின் நடுவில் ஓடும் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிறது. கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரர் பகுதி. அங்கே துய்மா வீதியில் 1855-ல் கட்டி முடித்த தூய தேவதைகளின் அன்னை ஆலயம் இருக்கிறது. பழைய நகரத்தில் ஜேசு சபையினர் தமிழர்களுக்கும், கப்புச்சின் சபையினர் ஐரோப்பியர்களுக்கும் எனப் பணியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஊரின் அமைப்பிலேயே அந்தப் பிரிவு தெரியும். ரயில் நிலையம் பக்கத்தில் உள்ள இருதய ஆண்டவர் பசிலிக்கா 1907-ல் முடிந்தது; கூரிய வளைவுகள், வண்ணக் கண்ணாடிகள் என அதன் பாணியே வேறு.

குரூப்பாகப் போகும்போது கவனிக்க வேண்டியவை

• பூசை நடக்கும் நேரம் சுற்றிப் பார்க்கும் நேரம் அல்ல. ஞாயிறு காலை, திருநாள், கல்யாண நேரங்களைத் தவிர்ப்பது நல்லது. பெரிய குழு என்றால் பங்கு அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

• எந்த மதத்தினரும் உள்ளே போகலாம், உட்காரலாம். ஆனால் திருப்பலியில் நற்கருணை வாங்க வரிசையில் நிற்பது கத்தோலிக்கர்களுக்கு மட்டுமே உரியது. ‘பிரசாதம்’ என்று நினைத்துப் போய் நிற்பது அடிக்கடி நடக்கும் தவறு.

• பலிபீட மேடையில் ஏறக் கூடாது. விளக்கு எரியும் நற்கருணைப் பேழையின் முன்னால் நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம்.

• செருப்பைக் கழற்றுவதா என்ற சந்தேகம் வந்தால் வாசலைப் பாருங்கள். மற்றவர்கள் கழற்றியிருந்தால் நீங்களும் கழற்றுங்கள்.

• 40 பேரும் ஒரே நேரத்தில் நுழையாமல், பத்துப் பத்துப் பேராகப் போனால் உள்ளே ஜெபம் செய்கிறவர்களுக்குத் தொந்தரவு இருக்காது.

• போட்டோ எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். ஜெபிப்பவர்களின் முகத்தை எடுத்து ரீல்ஸ் போடுவது சரியல்ல.

திரும்பும் வழியில் செஞ்சியில் நிற்க மறக்காதீர்கள்

புதுச்சேரிக் கதையின் மிச்சம் கீழ்பென்னாத்தூர் திரும்பும் ரோட்டிலேயே இருக்கிறது. 1750-ல் பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. அதற்கு 4 நாள் முன்பு, ஜனவரி 12-ல் ரங்கப்பிள்ளை இறந்துபோனார். அதே ஆண்டு ஏப்ரலில் செஞ்சியும் பிரிட்டிஷார் கைக்குப் போனது. புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியில் இருந்து வந்தவை என்று சொல்லப்படுவதும் இந்தத் தொடர்பால்தான். ஒரு நாள் டூரில் மூன்றாவது தேவாலயத்தை அழித்த போரின் இரண்டு முனைகளையும் பார்த்துவிடலாம்.

நேரம் இருந்தால் சம்பா கோயிலில் இருந்து ரங்கப்பிள்ளை வீதிக்கும் ஒரு நடை போய் வரலாம். அவர் வாழ்ந்த வீடு இன்றும் அங்கே நிற்கிறது. இடித்தவர்கள், கட்டியவர்கள், தடுத்தவர்கள், கெஞ்சியவர்கள் எல்லோரைப் பற்றியும் இன்று நமக்குத் தெரிவதற்குப் பெரிய காரணம், அந்த வீட்டில் இருந்தவர் கால் நூற்றாண்டு விடாமல் எழுதி வைத்ததுதான்.